வேட்பாளருக்கும் வில்லங்கம் பார்க்கலாம்

2018 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்ன நாள். நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஒதுக்கியிருந்த 192 டி.எம்.சி. தண்ணீர், பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று குறைந்தது. போன 14.75 டி.எம்.சி.யைப் பற்றித்தான் டெல்டா முழுக்கப் பேச்சு. குறுவைக்குத் தண்ணீர் வருமா, தாளடி தாங்குமா, கடைமடைக்கு என்ன கிடைக்கும் என்று கல்லணைக் கால்வாயின் கடைசி மதகு வரைக்கும் கணக்குப் போட்டார்கள்.

அதே நாளில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு இன்னொரு தீர்ப்பையும் சொன்னது. ‘லோக் பிரஹரி’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. தேர்தலில் நிற்பவர் தன் சொத்தைச் சொன்னால் மட்டும் போதாது. தனக்கும் மனைவி அல்லது கணவருக்கும், தன்னைச் சார்ந்து வாழ்பவர்களுக்கும் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரசோடு ஒப்பந்தம் ஏதும் இருந்தால் அதையும் எழுத வேண்டும். நீதிபதிகள் செலமேஸ்வரும் அப்துல் நசீரும் வழங்கிய தீர்ப்பு இது. காவிரித் தீர்ப்பின் இரைச்சலில் டெல்டாவின் காதில் இது விழவே இல்லை.

விழுந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும், வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால், கோடையில் ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்படுகின்றன. அந்த வேலை யாருக்குப் போகிறது, எத்தனை அடி ஆழத்துக்கு மண் எடுக்கிறார்கள், எடுத்த மண் எங்கே போகிறது என்பதெல்லாம் ஒரத்தநாட்டிலும் பேராவூரணியிலும் ஆண்டுதோறும் எழும் சண்டை. ஓட்டுக் கேட்டு வருபவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அரசு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை அவரே கையெழுத்துப் போட்டுச் சொல்லும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள்தான் இல்லை.

தஞ்சைப் பக்கம் கால் வேலி நிலம் வாங்குகிறவர்கூட, பதிவுத் துறைக்குப் போய் வில்லங்கச் சான்று எடுக்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் பார்ப்பார், பட்டா யார் பெயரில் என்று பார்ப்பார், பக்கத்து வயல்காரரிடம் விசாரிப்பார். சட்டம் போடவும் வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்கவும் ஐந்தாண்டு அதிகாரம் பெறப்போகும் ஆளுக்கும் அப்படி ஒரு வில்லங்கச் சான்று உண்டு. அதன் பெயர் படிவம் 26. வேட்புமனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரம்.

ஆறு மாதம் கிடைத்த தொகுதி

வேட்பாளரை விசாரிக்கத் தஞ்சாவூருக்குக் கிடைத்த அவகாசம் போல் டெல்டாவில் வேறு எந்த ஊருக்கும் கிடைத்திருக்காது. 2016 மே 16 அன்று தமிழகம் முழுக்க வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய நாள், தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிக்கு மட்டும் தேர்தலைத் தள்ளிவைத்தது தேர்தல் ஆணையம். அரவக்குறிச்சிக்கு ஒரு நாள் முன்பே அந்த உத்தரவு போயிருந்தது. காரணம், வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தது. முதலில் மே 23 என்றார்கள், பிறகு ஜூன் 13 என்றார்கள். கடைசியில் மே 28 அன்று தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்துவிட்டார்கள். பணத்துக்காக ஒரு சட்டமன்றத் தேர்தல் இப்படி ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

மறுபடி தேர்தல் நடந்தது நவம்பர் 19-ல். அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் மே மாதம் நிறுத்திய அதே வேட்பாளர்களையே நிறுத்தின: எம்.ரெங்கசாமி, அஞ்சுகம் பூபதி. பணத்துக்காக ரத்தான ஒரு தேர்தலில், அந்தக் குற்றச்சாட்டு எழுந்த களத்தில் நின்றவர்களே மீண்டும் வந்து கைகூப்பினார்கள். இடையில் ஆறு மாதம் ஓடியிருந்தது. இரண்டு பேரின் பிரமாணப் பத்திரமும் பொதுவெளியில் இருந்தது. அவற்றை ஊர் கூடிப் படித்து, வரிக்கு வரி கேள்வி கேட்டிருக்கலாம்.

அந்த நவம்பரில் வேறு என்னென்னவோ நடந்தது. 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, சம்பா கருகிக்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கும் அளவுக்குப் போனது. அப்போலோ மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் இடது கைப் பெருவிரல் ரேகை, கையெழுத்துக்குப் பதிலாக அ.தி.மு.க. வேட்பாளரின் கட்சிப் படிவங்களில் பதிந்திருந்தது. அதே நாளில் தேர்தல் நடந்த திருப்பரங்குன்றத்தில் இந்த ரேகை வழக்காகி, அங்கு அ.தி.மு.க. வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்புமனுவோடு போகும் காகிதங்களை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூரில் ரெங்கசாமி வென்றார். பத்து மாதம் கழித்து, 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களில் அவரும் ஒருவர். தொகுதி ஒன்றரை ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தது. 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் டி.கே.ஜி.நீலமேகம் வந்தார், 2021 ஏப்ரல் 6-ல் மீண்டும் அவரே. ஐந்தாண்டுக்குள் ஒரே சட்டமன்றத் தொகுதிக்கு மூன்று முறை மை வைத்துக்கொண்ட ஊர் இது. ஓட்டுப் போடும் பழக்கத்தில் தஞ்சாவூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. யாருக்குப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடு மட்டும் அந்த மூன்று தேர்தலிலும் மேடைப் பேச்சையும் சுவரொட்டியையும் தாண்டி அதிகம் நகரவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்காவில் பொதுத்தேர்தலுக்கு முன்னால் மாநிலம் மாநிலமாக இன்னொரு தேர்தல் நடக்கும். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலம் இதற்குச் சட்டம் கொண்டுவந்து வழி காட்டியது. அங்கும் வாக்காளருக்கு எல்லா வேட்பாளரையும் தெரிந்திருக்காது. அதனால்தான் 1920-ல் தொடங்கிய ‘பெண் வாக்காளர் சங்கம்’ போன்ற அமைப்புகள் ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை அருகருகே அச்சிட்டுக் கொடுக்கின்றன. கலிஃபோர்னியாவில் மாநில அரசே வாக்காளர் கையேட்டைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புகிறது.

இங்கே அந்த முதல் தேர்தல் தி.மு.க.வின் அறிவாலயத்திலும் அ.தி.மு.க.வின் ராயப்பேட்டை அலுவலகத்திலும் நடக்கிறது. போட்டியிட விரும்புகிறவர்கள் விருப்ப மனு கொடுப்பார்கள். 2021-ல் அதற்கு தி.மு.க. வாங்கிய கட்டணம் 25,000 ரூபாய், அ.தி.மு.க. வாங்கியது 15,000 ரூபாய். பிறகு தலைமை நேர்காணல் நடத்தும். பட்டியல் வரும். எந்தத் தொகுதி கூட்டணியில் யாருக்கு என்பதே கடைசி வரை இழுபறியாக இருக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் மயிலாடுதுறைத் தொகுதிக்கு காங்கிரஸ் தன் வேட்பாளர் ஆர்.சுதாவின் பெயரை அறிவித்தபோது, மனுத் தாக்கல் முடியப்போகும் கட்டம் வந்துவிட்டது. மார்ச் 27 மனுவுக்குக் கடைசி நாள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அவர் வென்றார். மயிலாடுதுறை வாக்காளருக்கு அவரை அறிந்துகொள்ளக் கிடைத்தது மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் கூட.

வெளியிலிருந்து முடிவாகும் வேட்பாளர் என்பது டெல்டாவுக்குப் பழைய கதை. 1979 தஞ்சாவூர் மக்களவை இடைத்தேர்தலில் இந்திரா காந்தியே நிற்பாரா என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே நடந்த கணக்கில் அது கைகூடவில்லை. கடைசியில் காங்கிரஸின் சிங்காரவடிவேல் நின்று வென்றார். அந்தப் பேச்சுவார்த்தையில் தஞ்சாவூர்க்காரர் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

வேட்பாளரை உள்ளூரிலேயே தேர்ந்தெடுக்கும் முறையை இந்தியாவில் முயன்று பார்த்ததும் உண்டு. 2014-ல் ராகுல் காந்தியின் யோசனைப்படி காங்கிரஸ் பதினைந்துக்குச் சற்று கூடவோ குறையவோ தொகுதிகளில் உட்கட்சித் தேர்தல் வைத்தது. ஓட்டுரிமை கட்சி நிர்வாகிகளுக்குத்தான்; பொதுமக்களுக்கு இல்லை. வதோதராவில் அப்படித் தேர்வான நரேந்திர ராவத், மோடி அங்கே போட்டியிடுவது உறுதியானதும் மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். அந்த முயற்சி அதோடு ஓய்ந்துவிட்டது.

ஆக, யார் நிற்க வேண்டும் என்பதில் டெல்டா வாக்காளருக்குக் குரல் இல்லை. நிற்பவர் யார் என்று அலசும் உரிமை இருக்கிறது. அதற்கான நாட்களை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மனு வாபஸ் பெறக் கடைசி நாள் மார்ச் 22. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. நடுவில் பதினான்கு முழு நாட்கள். உளுந்தும் பயறும் வீடு வந்து சேரும் பருவம் அது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களும் இருப்பார்கள். அந்தப் பதினான்கு நாளில் வேட்பாளர் திறந்த வேனில் ஒரு முறை வருவார். ஆரத்தி எடுப்பார்கள், தட்டில் பணம் விழும், வேன் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நின்று கேள்வி கேட்க நேரமும் இல்லை, இடமும் இல்லை.

பத்திரம் வந்த கதை

படிவம் 26-ஐ எந்தக் கட்சியும் மனமுவந்து கொடுக்கவில்லை. 1999-ல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர், திரிலோசன் சாஸ்திரி, ஜக்தீப் சோக்கர் உள்ளிட்டோர், ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேட்பாளர் மேல் என்ன வழக்கு, என்ன சொத்து, என்ன கடன், என்ன படிப்பு என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பது கோரிக்கை. உயர் நீதிமன்றம் ஏற்றது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் வாக்காளர் பக்கம் நின்றது: கருத்துரிமைக்குள் அறியும் உரிமையும் அடக்கம்.

அடுத்து நடந்தது கசப்பானது. எதிரும் புதிருமாக நின்ற கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஆகஸ்டில் அவசரச் சட்டம் வந்தது. தீர்ப்பு கேட்ட விவரங்களில் பலவற்றை வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்றது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்டோர் மறுபடி நீதிமன்றம் போக, 2003 மார்ச் 13 அன்று அப்படிச் சொன்ன பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2013-ல், கட்டங்களை வெறுமையாக விட்ட பத்திரத்தோடு வரும் மனுவை நிராகரிக்கலாம் என்றது. 2019-ல் படிவம் இன்னும் விரிந்து, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்தையும் கேட்டது. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். செய்யும் குற்றத்துக்கு இது மிகவும் குறைந்த தண்டனை என்றே சொல்ல வேண்டும்.

குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், ஏன் அவரை நிறுத்தினோம் என்று கட்சியும் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. வெற்றி வாய்ப்பை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது என்றும் அது சொன்னது. பிகார் தேர்தலில் இதைச் சரியாகப் பின்பற்றாத எட்டுக் கட்சிகளுக்கு 2021 ஆகஸ்டில் அபராதமும் விழுந்தது. வேட்பாளர் தன் பங்குக்கு மூன்று முறை விளம்பரம் தர வேண்டும். தேர்தல் நேரத்துத் தினசரிகளின் உள்பக்கங்களில், டெண்டர் அறிவிப்புக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, பொடி எழுத்தில் வருவது அந்த விளம்பரம்தான்.

டெல்டாக் கண்ணால் படித்தால்

பிரமாணப் பத்திரம் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆணையத்தின் இணையதளத்திலும், வேட்பாளரை அறிய அது வெளியிட்டுள்ள கைபேசிச் செயலியிலும் கிடைக்கும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் ‘மைநேத்தா’ தளத்தில் பழைய தேர்தல்களின் விவரமும் இருக்கிறது. பார்ப்பதற்குப் பயமுறுத்தும் காகிதம். ஆனால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று வாழ்நாள் முழுக்கக் காகிதம் பார்த்துப் பழகியவர்கள் டெல்டாக்காரர்கள். அவர்களுக்கு இது கைவசப்படாத விஷயமே இல்லை.

நிலம் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஊர், சர்வே எண், எத்தனை ஏக்கர், பரம்பரையா கிரயமா, கிரயம் என்றால் எந்தத் தேதியில் என்ன விலைக்கு, இன்றைய சந்தை மதிப்பு என்ன என்று எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். சென்னையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பத்திரங்களை அலசும் ஆய்வாளருக்கு அது வெறும் எண். அந்தச் சர்வே எண்ணுக்குப் பக்கத்து வயலில் நாற்று நடுபவருக்கு அது ஒரு முகம். இருபோகம் விளையும் நஞ்சை அங்கே என்ன விலை போகிறது, அதைப் பத்திரத்தில் என்ன விலை போட்டிருக்கிறார், நடுவில் மனை பிரித்தாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேட்பாளரின் சொத்தைச் சரிபார்க்க அந்தக் கிராமத்தை விடத் தகுதியான தணிக்கையாளர் கிடையாது.

முன்பு நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது, வருமான வரிக் கணக்கு அந்த ஏற்றத்துக்கு ஒத்துப்போகிறதா, தொழில் என்று என்ன எழுதியிருக்கிறார், ஒப்பந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறாரா. மொத்தச் சொத்து எத்தனை கோடி என்ற தலைப்புச் செய்தியை விட இந்த ஒப்பீடு பல மடங்கு பேசும். பரம்பரையாகப் பத்து வேலி வைத்திருப்பவரும், பத்தாண்டில் பத்து வேலி சேர்த்தவரும் ஒரே தொகையைக் காட்டக்கூடும்.

குற்ற வழக்குக் கட்டத்தைப் படிக்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. ‘இவர் மேல் பன்னிரண்டு வழக்கு’ என்ற எண்ணிக்கை டெல்டாவில் ஆளைத் தவறாகக் காட்டிவிடும். கதிராமங்கலத்தில் 2017-ல் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது மறியல் செய்தவர்கள் மேல் வழக்கு. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு 2018-ல் சாலையில் உட்கார்ந்தவர்கள் மேல் வழக்கு. விவசாயச் சங்கத்தில் இருபது ஆண்டு இருந்தவர் மேல் வழக்கு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பிரிவைப் பார்க்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143 என்றால் சட்டவிரோதமாகக் கூடியது, 341 வழி மறித்தது, 188 அதிகாரியின் உத்தரவை மீறியது. போராட்டக்காரர்கள் மேல் வழக்கமாகப் போடப்படும் பிரிவுகள் இவை. 420 என்றால் மோசடி, 406 நம்பிக்கை மோசடி, 302 கொலை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா வந்த பிறகு எண்கள் மாறிவிட்டன: மோசடி 318, நம்பிக்கை மோசடி 316, கொலை 103, சட்டவிரோதக் கூட்டம் 189, வழிமறிப்பு 126, உத்தரவு மீறல் 223. இந்தப் பன்னிரண்டு எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஊர் நூலகத்தில் ஒட்டினாலே, மண்ணுக்காகச் சாலையில் உட்கார்ந்தவரையும் கூட்டுறவுச் சங்கப் பணத்தில் கை வைத்தவரையும் ஒரே தராசில் நிறுக்கும் தப்பு குறையும்.

பத்திரத்தில் பொய் இருப்பது தெரிந்தால் என்ன செய்வது? வாக்காளர் யாரும், ஆதாரத்தோடு, உறுதிமொழியிட்ட எதிர்ப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். வேட்பாளரின் பத்திரத்தைப் போலவே அதையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். இது தெரிந்த வழக்கறிஞர்களே குறைவு.

தேக்கம்பட்டி சொன்ன பாடம்

இவ்வளவு சிறிய தேர்தலில் இதெல்லாம் தேவையா என்று பஞ்சாயத்துத் தேர்தல் வரும்போது கேட்பார்கள். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் வட்டத்தில் உள்ள தேக்கம்பட்டி ஊராட்சியில் 2006-ல் நடந்த தலைவர் தேர்தல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வென்றவர் தன் மேல் இருந்த வழக்குகளை முழுமையாகச் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றவற்றை விட்டுவிட்டார். கிருஷ்ணமூர்த்தி எதிர் சிவக்குமார் என்ற அந்த வழக்கில் 2015 பிப்ரவரி 5 அன்று வந்த தீர்ப்பு, குற்ற வழக்கை மறைப்பது வாக்காளர் மேல் செலுத்தும் தகாத செல்வாக்கு, அது தேர்தல் ஊழல் என்று சொன்னது. தேர்தல் செல்லாது. ஒரு கொங்கு நாட்டுக் கிராமத்தின் வழக்கு இன்று நாடு முழுக்க எல்லாத் தேர்தலுக்கும் மேற்கோள்.

சோழர் காலத்திலும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. தஞ்சையிலிருந்து ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை குடவோலைக்குப் பெயர் எழுதும் தகுதிகளைக் கோயில் சுவரில் வெட்டிவைத்தது. நிலம், வயது, படிப்பு என்று தகுதிகள் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. நிலவுடைமைப் பிராமணர்களுக்குள் மட்டும் நடந்த தேர்வு அது. பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் அதில் இடமில்லை. அதைப் பொற்காலம் என்று தூக்கிப்பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் நிற்பவரின் யோக்கியதை ஊர் பார்க்கும் சுவரில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை இன்று நாம் அறிவிப்புப் பலகையின் மூலையில் குண்டூசி குத்தி முடித்துவிடுகிறோம்.

யார் படித்துச் சொல்வது?

ஒவ்வொரு தேர்தலுக்கும் அரசு விழிப்புணர்வுக்குச் செலவு செய்கிறது. கோலம் போடுகிறார்கள், பேரணி விடுகிறார்கள், பெரிய கோயில் முன்னால் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ‘தவறாமல் வாக்களிப்போம்’ என்பதே அத்தனையின் சாரம். யாருக்கு என்று அரசு சொல்லக் கூடாது, சரி. நிற்பவர்கள் யார் யார் என்று அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்ததை எடுத்துச் சொல்லலாமே! வீட்டுக்கு வீடு கொடுக்கப்படும் வாக்காளர் தகவல் சீட்டில் பாகம் எண், வரிசை எண், சாவடி முகவரி எல்லாம் இருக்கின்றன. அதோடு ஒரு தாள் சேர்த்து, எல்லா வேட்பாளர்களின் படிப்பு, தொழில், சொத்து, கடன், வழக்கு, ஒப்பந்தம் என்று ஒரே அட்டவணையாக, படிக்கும் அளவு எழுத்தில், தமிழில் கொடுக்க என்ன தடை? விவரங்கள் ஏற்கெனவே அலுவலரின் கையில் இருக்கின்றன.

பெயர்க் குழப்பத்துக்காவது அது உதவும். 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரிலும் முதலெழுத்திலும் இன்னும் பல பன்னீர்செல்வங்கள் மனுப் போட்டார்கள். இப்படிப்பட்ட குழப்பத்துக்காகத்தான் 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் ஒட்டப்படுகிறது. முகத்தைப் பார்த்து அடையாளம் காணச் செய்துவிட்டோம்; ஆளை அறியச் செய்யவில்லை.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்து படிக்கும் பழக்கம் டெல்டாவில் நேற்று வந்ததில்லை. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களிலும் விவசாயச் சங்கக் கொட்டகைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாத இருபது பேர் கேட்டு அரசியல் கற்ற மண் இது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டியபோது அவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. கூலி எவ்வளவு, சாட்டையடி ஏன் என்று கேட்கத் தெரிந்துகொண்டார்கள். இன்று அந்தக் கொட்டகைகளின் இடத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. மாதந்தோறும் கூடி, வரவு செலவு படித்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் தவணை தவறியவர் என்று முகத்துக்கு நேரே பேசி முடிவெடுக்கும் பெண்கள் அவர்கள். தமிழக வாக்காளர்களில் ஆண்களை விடப் பெண்கள் அதிகம். ஆரத்தித் தட்டோடு தெருவில் நிற்கச் சொல்லி அவர்களை அழைக்கும் கட்சிகள், வேட்பாளரின் கடன் கட்டத்தை அவர்கள் முன்னால் வைத்துப் பேசத் தயாரா?

கேள்விகளும் டெல்டாவின் கேள்விகளாக இருக்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மழை பெய்து நெல் நனைந்த பிறகு, 17 சதவீத ஈரப்பதத்தைத் தளர்த்தச் சொல்லி ஆண்டுதோறும் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறோம்; கிடங்குக்கும் உலர்த்திக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் படித்திருக்கிறீர்களா, அதற்கு முன்பே தோண்டிய எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி உங்கள் நிலை என்ன? குறுவைக்குப் பயிர்க் காப்பீடு பற்றி என்ன சொல்கிறீர்கள்? இதே மூன்று கேள்வியை எல்லா வேட்பாளருக்கும் எழுத்தில் அனுப்பி, வந்த பதிலையும் வராத பதிலையும் பெயர் போட்டு ஊரில் ஒட்டலாம். ஒரு விவசாயச் சங்கமோ, வணிகர் சங்கமோ, கல்லூரி மாணவர் குழுவோ செய்யக்கூடிய வேலை. ஒரு கட்சிக்காக வாக்குக் கேட்காத வரை இதில் நடத்தை விதி மீறல் ஏதுமில்லை.

பஞ்சாயத்து அளவில் இன்னும் எளிது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் தமிழகத்தில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. தலைவர் பதவிக்கு மறுபடி நிற்கப்போகிறவர் வரவு செலவைச் சபையில் வைத்தாரா, நூறு நாள் வேலைக் கணக்கு எப்படி, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு செலவானது என்று தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கும். தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊரகப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அந்த ஐந்தாண்டுத் தீர்மானப் புத்தகங்கள் ஊராட்சி அலுவலகங்களில் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் நகல் கொடுத்தாக வேண்டும்.

வாக்கு எண்ணிக்கை முடிந்தாலும் இந்த வேலை முடிவதில்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தேர்தல் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு உச்சவரம்பு இப்போது 40 லட்சம் ரூபாய். தெருவில் ஓடிய வேன் எத்தனை, கட்டிய பந்தல் எத்தனை என்று கண்ணால் பார்த்தவர்கள், அந்தக் கணக்கில் எத்தனை எழுதியிருக்கிறது என்று ஒரு ரூபாய் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். செலவு உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், அல்லது பிரமாணப் பத்திரத்தில் மறைப்பு இருந்தால், வெற்றி அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்று இல்லை. அந்தத் தொகுதியின் வாக்காளர் யார் வேண்டுமானாலும் போடலாம்.